ஜெர்மனியில் ஒரு பத்தியக்காரி

ஜெர்மனியில் பெண் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்றால், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்க அங்கே என்னத்தைச் சாப்பிட்டீங்க?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்குச் சீலியாக் நோய். போதாததற்குச் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது வயிற்றுக்குள் போனால், எங்களைப் போன்றவர்களுக்குச் சிறுகுடலின் உட்பக்கம் சிதைந்துபோகும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் என் சோகை தீராததற்கு இதுதான் காரணம் என்று ரத்தப் பரிசோதனையும், குடலில் துளி சதை எடுத்துப் பார்த்ததும் சொன்னபோது எனக்கு 48 வயது. இதற்கு மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான். ரொட்டித் தூள் உதிர்ந்த தட்டுகூட ஆகாது.

நம் ஊரில் இட்லி, சோறு என்று காலத்தை ஓட்டிவிடலாம். ஜெர்மனியோ ரொட்டி தேசம்! இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஆபென்ட்ப்ரோட்', அதாவது அந்தி ரொட்டி. 2014-ல் தங்கள் ரொட்டிக் கலையை நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள் என்றால் பாருங்களேன்.

அதே 2014 டிசம்பரில்தான் எனக்கு ஆதரவாக ஒரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, வேர்க்கடலை என்று 14 வகைப் பொருள்களில் எது எந்தப் பதார்த்தத்தில் இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியத்து ஓட்டல்கள் தெரிவித்தாக வேண்டும். அதனால் மெனு அட்டையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எறும்பு ஊர்ந்தாற்போல் சின்னச் சின்ன எழுத்துகள். விளக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். சில இடங்களில் தனி ஃபைலாக வைத்திருப்பார்கள், கேட்டால்தான் வரும். ஒரு ஓட்டலின் 'ஏ' இன்னொரு ஓட்டலின் 'ஏ' இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் புதிதாகப் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அட்டை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உருளைக்கிழங்கு வறுவலில் ஏது கோதுமை? வாஸ்தவம். ஆனால் ரொட்டித் தூளில் புரட்டிய 'ஷ்னிட்செல்' இறைச்சியைப் பொரித்த அதே எண்ணெயில் அதையும் போட்டு எடுத்தால்? சாஸ் கெட்டியாக மைதா கரைத்து ஊற்றினார்களா? கரண்டி தனியா? இதையெல்லாம் வாய் திறந்து கேட்டால்தான் தெரியும். எனக்கோ கேட்கக் கூச்சம். இலையில் விழுந்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிடு என்று வளர்க்கப்பட்டவள் நான். என் பெண்தான், "அம்மா, நீ பேசாம இரு, நான் கேக்கறேன்" என்று ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பிப்பாள். ஒரு அட்டையில் ஜெர்மன் மொழியில் என் நோயையும், ஆகாத தானியங்களையும், தனிச் சட்டி வேண்டும் என்பதையும் எழுதி என் கைப்பையில் வைத்துவிட்டாள். அதில் 'டிங்கல்' என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு. அது ஒரு பழைய கோதுமை வகை. "இது கோதுமையே இல்லையே" என்று பரிமாறுகிறவர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள்!

நான் நிறைவாகச் சாப்பிட்டது பிராங்க்பர்ட்டில், ஸாக்ஸன்ஹௌஸன் பகுதியில் ஆப்பிள் ஒயின் விற்கும் பழைய கடை ஒன்றில். நீள மரப் பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார வேண்டும். அந்த ஊரின் 'க்ரூனெ ஸோஸெ', அதாவது பச்சை சாஸ், ஏழு வகைக் கீரைத் தழைகளைப் பொடியாக நறுக்கிப் புளித்த க்ரீமில் கலந்தது. கூடவே வேகவைத்த முட்டையும் உருளைக்கிழங்கும். நம் கொத்தமல்லித் தயிர்ப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறிய அம்மாள் என் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், "மாவு கிடையாது, கரண்டியும் தனி" என்று சொன்ன பிறகே கொண்டுவந்து வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, நாக்குக்கு உயிர் வந்தது!

சைவக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிவப்பு முட்டைக்கோஸைப் பல இடங்களில் பன்றி அல்லது வாத்துக் கொழுப்பில் வதக்குகிறார்கள். தென் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சாலடில் இறைச்சி வேகவைத்த சாறு விடுவது வழக்கம்.

ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பக்கம் ஒரு கிராமத்து விடுதிக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் 'ஷ்பெட்ஸ்லெ' பிரசித்தம். கோதுமை மாவும் முட்டையும் கரைத்துக் கொதிநீரில் சீவித் தள்ளும் குட்டை இடியாப்பம். சமையல்காரரே வெளியே வந்தார், முழங்கை வரை மாவு. அட்டையைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சமையலறை பூரா மாவு பறக்குதாம்மா. உனக்கு இங்கே சமைக்க மாட்டேங்கறார்" என்றாள் பெண். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பசி வேறு. ஆனால் அவர் அதோடு போய்விடவில்லை. தனிப் பாத்திரத்தில் இரண்டு முட்டையை ஓட்டோடு அவித்து, ஒரு முழு ஆப்பிளையும் வைத்துக் கொடுத்தார். ஓட்டுக்குள்ளும் தோலுக்குள்ளும் மாவு நுழையாதல்லவா? கையில் இருந்த அரிசித் தட்டையோடு சாப்பிட்டேன். முட்டைக்குக் காசும் வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்! 'இல்லை' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். நம் பக்கத்தில், "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது" என்று அன்பாலேயே படுக்க வைத்துவிடுவார்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. பல கடைகளில் மத்தியானம் 2 மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மாலையில்தான். மாலை திறந்தவுடன் முதல் ஆளாகப் போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் தனிச் சட்டிக்கு யாருக்கும் நேரமிருக்காது. மேஜைக்கு வரும் ரொட்டிக் கூடையை உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முன் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சாம்பார் வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கட சாப்பாடுதானே அம்மா, ஒண்டும் செய்யாது, பயமில்லாமச் சாப்பிடுங்கோ" என்றார். என் பெண் விடுவாளா? பெருங்காய டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் தடித்த எழுத்தில் இருந்தது: 'வைட்சென்மேல்', கோதுமை மாவு. கட்டிப் பெருங்காயத்தைப் பொடியாக்க மாவு சேர்ப்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான். மனிதர் அசந்துபோனார். சாம்பார் வாளி உள்ளே போயிற்று. வெறும் சோறும் தயிரும் வந்தன. பரிமாறிய பையன் பழக்கத்தில் ஊறுகாய்க் கரண்டியை நீட்டினான். கல்லாவில் இருந்து அவரே எழுந்து ஓடி வந்தார்.

"தம்பி, வையாதை! அதிலயும் பெருங்காயம் கிடக்கு."