பனி புரண்டால் பார் நடுங்கும்

நிலநடுக்கம் என்றதும் பாறை பிளப்பதும் வீடுகள் சரிவதும் நம் நினைவுக்கு வருகின்றன. பாறை எதுவும் பிளவாமல், பனி புரள்வதாலேயே பூமி நடுங்குவதும் உண்டு. புவியியல் மாணவனாகிய நான் இவ்வாண்டு படித்தவற்றுள் என் சிந்தையை விட்டு அகலாத செய்தி இதுவே.

கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரையில் ஹெல்ஹைம் என்னும் பனியாறு உண்டு. ஆறு என்றாலும் அதில் நகர்வது நீரன்று. பல நூறு மீட்டர் கனமுள்ள பனி. நாள்தோறும் ஏறத்தாழ 20 மீட்டருக்கு மேல் நகர்ந்து அது கடலை அடைகிறது. அங்கே அதன் முகப்பு அடிவரை பிளந்து ஒரு பனிமலை பிரிகிறது. உயரம் மிகுந்து அகலம் குறைந்த அம்மலையால் நீரில் நிமிர்ந்து நிற்க இயலாது, மெல்லக் கவிழ்கிறது. கவிழும்போது தன்னை ஈன்ற பனியாற்றையே பின்னுக்குத் தள்ளுகிறது. ஓயாது முன்னேறிய பனியாறு சில நிமிடங்கள் பின்வாங்குகிறது! 2013ஆம் ஆண்டில் பனியின்மேல் வைத்த கருவிகள் இதனைக் காட்டின. ஏறக்குறைய 100 கோடி டன் பனி கொடுக்கும் அந்த உந்துதலே அலையாகி உலகெங்கும் பரவுகிறது. அதன் அளவு 5ஐ ஒட்டியது.

அத்தகைய நடுக்கத்தை நெடுங்காலம் எவரும் அறியாதது ஏன்? கருவிகளில் அது பதிவாகியே இருந்தது. ஆனால் ஆய்வு முறைகள் விரைந்து அதிரும் அலைகளையே தேடின. பனி எழுப்பும் அலை ஒன்று எழுந்து அடங்க அரை நிமிடத்துக்கும் மேலாகும். எக்ஸ்ட்ராம், நெட்டில்ஸ், ஏபர்ஸ் ஆகிய மூவர் மெதுவான அலைகளைத் தேடிப் பழைய பதிவுகளைப் புரட்டினர். மறைந்திருந்த நடுக்கங்கள் வெளிப்பட்டன. 2003ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தனர்.

இந்நடுக்கங்கள் கோடையில் மிகுதி. 2005ஆம் ஆண்டில் அவற்றின் எண்ணிக்கை, 2002க்கு முந்தைய எந்த ஆண்டைக் காட்டிலும் இருமடங்காயிற்று. நிலத்தில் கிடந்த பனி கடலுக்குள் விரைகிறது என்பதே அதன் பொருள். கடலுக்குள் போகும் பனி கடல்மட்டத்தை உயர்த்தும். கிரீன்லாந்தில் கவிழ்ந்த மலையின் கணக்கு எல்லாக் கரைகளிலும் எழுதப்படும்.

நண்பர்களே, இடிமுழக்கத்துக்குச் செவிகொடுக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. மெல்ல வரும் ஆபத்தின் குரலைக் கேட்கத்தான் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியின் பெயரே கல்வி என்று நான் கருதுகிறேன்.