ஆறடி மண்ணின் கதை பிறந்த புல்வெளி

வொல்கா நதிக்கரையிலுள்ள சமாரா நகரிலிருந்து ரயிலில் கிழக்கே சென்றால் யூரல் மலையடிவாரத்தை அடையலாம். வழிநெடுகக் கரிய வளமண், புல்வெளிகள், இடையிடையே பேர்ச் மரத் தோப்புகள். பார்க்கப் பார்க்க நிலம் முடிவதேயில்லை. இவ்வளவையும் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

இது பஷ்கீர் முஸ்லிம்களின் பூர்வீக பூமி. ரஷ்யக் கூட்டாட்சியிலுள்ள பஷ்கோர்தோஸ்தான் குடியரசின் தலைநகரம் ஊஃபா. 1998இல் கட்டி முடிக்கப்பட்ட லாலா துல்பான் பள்ளிவாசலின் இரு மினாராக்களும் விரியாத துலிப் மொட்டுகளைப் போல வானை நோக்கி நிற்கின்றன. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த 'குமிஸ்' பானமும் காட்டுத்தேனும் இந்நாட்டின் புகழ்பெற்ற உணவுகள்.

உலகம் அறிந்த ஒரு கதை இம்மண்ணில்தான் முடிகிறது. 1886இல் லியோ டோல்ஸ்டோய் எழுதிய அக்கதையின் நாயகன் பாஹோம் என்ற ஏழை விவசாயி. போதிய நிலம் மட்டும் இருந்தால் ஷைத்தானுக்கும் அஞ்சமாட்டேன் என்று எண்ணுகிறான். சிறிது நிலம் வாங்குகிறான். அயலாரோடு பகை வருகிறது. வொல்காவுக்கு அப்பால் குடியேறுகிறான். அங்கும் மனம் நிறையவில்லை. ஈற்றில் பஷ்கீர்களிடம் வருகிறான். நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபிள் என்பதே அவர்களது விலை. சூரிய உதயத்தில் புறப்பட்டு, அஸ்தமிக்கும் முன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால், சுற்றி நடந்த நிலமெல்லாம் அவனுடையது. தலைவர் தமது நரித்தோல் தொப்பியைக் கழற்றி அடையாளமாகத் தரையில் வைக்கிறார். நல்ல நிலம் கண்ணில் படும்போதெல்லாம் பாஹோம் வளைவை அகலமாக்குகிறான். பொழுது சாய்கிறது. மூச்சிரைக்க ஓடிவந்து தொப்பியைத் தொட்டு விழுகிறான், உயிர் பிரிந்துவிடுகிறது. தலை முதல் கால் வரை ஆறடி நிலமே அவனுக்குத் தேவைப்பட்டது.

கதை கற்பனைதான். ஆனால் பஷ்கீர்களின் நிலத்தின்மீது பிறர் கொண்ட ஆசை கற்பனையல்ல. நிலம் அவர்களுக்குக் குலத்தின் பொதுச் சொத்து. குதிரையும் ஆடும் மேய்த்து வாழ்ந்த அவர்கள் அதை முழக்கோலால் அளந்தவர்கள் அல்லர். நதியின் முகத்துவாரம், பட்டுப்போன மரம், நரி வளை இவற்றை எல்லையாகக் கூறி அற்ப விலைக்கு நிலம் எழுதி வாங்கப்பட்டதை எழுத்தாளர் செர்கேய் அக்சாகோவ் 1856இல் வெளிவந்த நூலில் விவரித்துள்ளார். 1870களில் உத்தியோகத்தர்களும் இக்கொள்ளையில் இறங்கினர். விவகாரம் அம்பலமாகி, 1881இல் ஒரென்பர்க் கவர்னர் ஜெனரல் கிறிஷனோவ்ஸ்கி பதவி இழந்தார். நிலமோ பஷ்கீர்களின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இன்னுமொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. டோல்ஸ்டோய் 1862இல் உடல்நலம் தேடிச் சமாராப் புல்வெளிக்கு வந்தார். பஷ்கீர்களின் கம்பளிக் கூடாரத்தில் தங்கிக் குமிஸ் பருகினார். 1871இல் மீண்டும் வந்தவர் அங்கே ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வாங்கினார். 1878இல் மேலும் வாங்கினார். பாஹோமைத் தாக்கிய நோய் தம்மையும் தொட்டதை உணர்ந்தவரின் எழுத்து என்பதால்தான் போலும், அக்கதை இவ்வளவு ஆழமாகத் தைக்கிறது. பின்னர் 1892இல் சொத்துக்களை மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். 1910இல் மறைந்த அவர் யாஸ்னயா பொல்யானா தோப்பில் அடக்கப்பட்டார். கல்லில்லை, பெயரில்லை, புல் மூடிய ஒரு மண்மேடு மட்டுமே.

ஆதமின் மகனுக்கு இரண்டு ஓடை நிறையச் செல்வம் இருந்தாலும் மூன்றாவதைத் தேடுவான், அவன் வயிற்றை மண்ணே நிரப்பும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பஷ்கீர் புல்வெளியின் கதை சொல்வதும் அதுவேயன்றோ?

தொலைதூர ரஷ்யாவில் நடந்தது என்று நாம் ஆறுதலடைய முடியாது. வாப்பா விட்டுச்சென்ற காணியின் ஒரு சாண் எல்லைக்காக ஸலாமையும் முறித்துக்கொண்ட சகோதரர்களை நாம் அறிவோம். வேலிக்கட்டையை நகர்த்த நீளும் கை, அந்த நரித்தோல் தொப்பியை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.