காட்டுச் செடியை நான்தான் வாங்கினேன்

காட்டிலிருந்து பிடுங்கிவந்த ஆர்க்கிட் செடிகளை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஏமாந்து வாங்கவில்லை. பெட்டியைத் திறந்ததுமே அவை எங்கே வளர்ந்தவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அதற்குமேல் வாங்க முடியாமல் போய்விடும் என்பதால்தான் கேட்கவில்லை. அந்தச் செடிகளில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. நன்றாகச் செடி வளர்ப்பவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இதை இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தேன்.

நான் இருப்பது ஏற்காடு அடிவாரத்தில். இங்கிருந்துதான் மலைப்பாதை தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேர்வராயன் மலைமேல் ஏறுகிறது. மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காப்பியும் மிளகும் குளிர்ந்த நிழலில் வளர்கின்றன. கீழே நாங்கள் சேலத்து வெயிலில் வாழ்கிறோம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பாஃபியோபெடிலம் என்ற லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்மேல் எனக்கு ஆசை பிறந்தது அங்கேதான். அந்த இனத்தில் தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒன்றே ஒன்று: பாஃபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் பூ. மேல் இதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். அகத்தியமலைப் பகுதியின் உயர்ந்த சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை.

அந்தப் பூவின் அமைப்பு என்னை ஆட்கொண்டது. அடி இதழ் பைபோலக் குழிந்திருக்கும். அதன் வழுவழுப்பான விளிம்பில் உட்காரும் பூச்சி உள்ளே வழுக்கி விழும். வந்த வழியே திரும்ப முடியாது. பின்பக்கம் ஒரு குறுகலான ஏற்றம் மட்டும் இருக்கும். அதில் ஏறும்போது முதலில் சூலகமுடியை உரசும். வெளியேறும் வாயிலில் மகரந்தம் முதுகில் ஒட்டும். இவ்வளவுக்கும் பூவில் தேன் கிடையாது. இன்னொரு பூவிலும் அதே பூச்சி விழுந்தால்தான் காய் பிடிக்கும். செடிகள் பக்கம் பக்கமாகப் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு சரிவில் பாதிச் செடிகளைப் பிடுங்கிவிட்டால் மீதி நிற்பவையும் காய்க்காமல் போகலாம். இதெல்லாம் நான் புத்தகங்களில் படித்து அறிந்திருந்தேன். அறிந்த பிறகுதான் வாங்கினேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ட்ரூரியின் வரலாறும் தெரியும். 1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி கண்டெடுத்த செடி அது. 1874இல் பெட்டோம் என்ற தாவரவியலாளர் ட்ரூரியின் பெயராலேயே அதை விவரித்தார். பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் காட்டில் அதைப் பார்த்ததாகத் தகவல் இல்லை. 1972இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் செடி வணிகத்துக்காகச் சேகரிப்பவர்கள் மலையேறிப்போய் மூட்டை கட்டினார்கள். காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. இன்று அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இமயமலைப் பக்கத்து ஃபேர்ரியானம் என்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட்டின் கதையும் இப்படித்தான். 1857இல் இங்கிலாந்தில் பூத்தது. பிறகு வளர்த்தவர்கள் கையிலேயே செத்துப்போனது. அதைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 பவுண்டு தருவதாக சாண்டர் என்ற ஆர்க்கிட் வணிகர் அறிவித்தார். 1905இல் அது மீண்டும் கிடைத்தது. இந்தக் கதைகளை வீட்டுக்கு வருகிறவர்களிடம் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வணிகர்களைக் கடுமையாகப் பேசியிருக்கிறேன். பேசிய வாயோடுதான் நானும் பணம் அனுப்பினேன்.

நான் வாங்கியவை வடகிழக்கிலிருந்து வந்தவை. ஒன்று வீனஸ்டம்: இலையில் பச்சையும் சாம்பலும் பாசிபடர்ந்ததுபோல் கலந்திருக்கும், பையில் பச்சை நரம்பு ஓடும். இன்னொன்று ஹிர்சுட்டிசிமம்: காம்பும் இதழோரமும் முடி அடர்ந்திருக்கும். பெட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். இலைகளில் பழைய பூச்சிக்கடித் தழும்புகள் இருந்தன. சிலவற்றில் பாசி ஒட்டியிருந்தது. வேர்களைப் பாதியில் அறுத்திருந்தார்கள். மிச்ச வேரில் கருப்பு மக்கு மண் அப்பியிருந்தது. ஒரே அளவில் இரண்டு செடிகள் இல்லை. பெயர்ச்சீட்டு இல்லை, பில் இல்லை. வளர்ப்பகத்துச் செடிகள் இப்படி வராது. ஒரே வயதில், ஒரே அளவில், முழு வேரோடு, எங்கே எப்போது விதைத்தது என்ற குறிப்போடு வரும்.

விலையும் சாட்சி சொன்னது. மிகவும் மலிவு. டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் போன்றவற்றைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்குகிறார்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. தூள் போன்ற அதன் விதையில் முளைக்குத் தேவையான உணவு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டும். ஆய்வகத்தில் சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைப்பார்கள். அதிலிருந்து பூக்கும் செடியாக வளரப் பல வருடங்கள் ஆகும். அப்படிப் பல வருடம் ஒருவர் சோறும் சம்பளமும் போட்டு வளர்த்த செடியை, பல கிளைப்புகளோடு, அந்த விலைக்கு யாரும் கொடுக்க முடியாது. கணக்குத் தெரிந்த எவருக்கும் இது புரியும். எனக்கும் புரிந்தது.

சட்டமும் மறைவானதல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தம், குறிப்பிட்ட சில தாவரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு தந்தது. லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் அந்தச் சிறிய பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடுங்குவது மட்டும் குற்றம் அல்ல. உரிமம் பெற்ற வணிகரைத் தவிர வேறு யாரிடமும் வாங்குவதும் குற்றம். பன்னாட்டு அளவில் 1990 முதல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அட்டவணை அது. புலித்தோல் விற்க ஒருவர் வந்திருந்தால் அவரை வாசலிலேயே விரட்டியிருப்பேன். செடி என்பதால் உள்ளே விட்டேன்.

பிறகு அவை செத்த விதம். ஹிர்சுட்டிசிமம் மலைச்சரிவில் குளிர்ந்து காய்ந்த பனிக்காலத்தைப் பார்த்துப் பழகிய செடி. அடிவாரத்தில் சித்திரை மாதம் இரவில்கூட வெப்பம் இறங்காது. சுவர் விடியும்வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். இந்த இனத்துக்கு மற்ற பல ஆர்க்கிட்டுகளைப்போலத் தண்ணீர் சேர்த்து வைக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. வேர் முழுக்கக் காயவும் கூடாது, ஊறவும் கூடாது. நான் பயந்து பயந்து அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் போர் தண்ணீர். பக்கத்திலேயே மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக் கரடுகள் இருக்கும் ஊர் இது. எங்கள் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை படியும். அறுபட்ட வேர் புதிதாக விடுவதற்குள் உப்பு அதைக் கருக்கியது. மாலையில் தெளித்த நீர் குருத்தில் தங்கி, குருத்து அழுகி, கையோடு வந்தது. ஒரு செடி போனால் அந்த இடத்துக்கு இன்னொன்றை வாங்கினேன். என் திறமைக்குறைவுக்கான விலையை ஒவ்வொரு முறையும் அந்தக் காடு கொடுத்தது.

மனதுக்குள் சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் மறைக்கமாட்டேன். நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார் என்றேன். அந்த வேறொருவரும் என்னை நினைத்து இதையேதான் சொல்லியிருப்பார். காட்டில் தீயில் எரிவதைவிட என் வீட்டில் பிழைக்கட்டும் என்றேன். பிழைக்கவில்லை; பிழைத்திருந்தாலும் ஜன்னலோரத்தில் தனியாகப் பூத்து உதிரும் செடியால் அதன் இனத்துக்கு ஒரு பயனும் இல்லை. பிடுங்குகிறவர்கள் ஏழைகள், அவர்கள் பிழைப்பு நடக்கிறது என்றும் சொன்னேன். அவர்கள்மேல் எனக்கு அக்கறை இருந்திருந்தால் ஒருமுறையாவது அவர்களைப் பற்றி விசாரித்திருப்பேன். விசாரிக்கவே இல்லை.

இதைவிடக் கேவலமான இரண்டு காரியங்கள் உண்டு. ஒருநாள் அதே வியாபாரி, "சார், தெற்கத்தி மஞ்சள் பூவும் சொல்லி வைக்கலாங்க, வேணுங்களா?" என்று கேட்டார். ட்ரூரியைத்தான் சொன்னார். மலைச்சரிவில் எண்ணிப் பார்க்கும் நிலையில் இருக்கும் செடி. நான் மறுக்கவில்லை. "என்ன விலைங்க?" என்று கேட்டேன். செடி வரவில்லை, அவர் பேச்சும் நின்றுபோனது. என் மனசாட்சி அதைத் தடுக்கவில்லை. வந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

இரண்டாவது, வீனஸ்டம் ஒருமுறை பூத்தபோது பார்க்க வந்தவர்கள், "அண்ணா, எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்கள். வியாபாரியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். கை காட்டியதில் பெருமைகூட இருந்தது. நான் வாங்கியதன் கணக்கு எனக்குத் தெரியும். என்னால் மற்றவர்கள் வாங்கியதன் கணக்கு எனக்குத் தெரியாது.

இப்போது என்னிடம் இருப்பவை உரிமம் உள்ள வளர்ப்பகத்தில் விதையிலிருந்து வளர்ந்த கலப்பினங்கள் மட்டும். மாடியே வகை: 1900இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ்வொர்த் வளர்ப்பகத்தார் கேலோசத்தையும் லாரன்சியானத்தையும் கலந்து உருவாக்கிய வழியில் வந்தவை. புள்ளி இலைக்காரச் செடிகள் பொதுவாக வெப்பத்தைத் தாங்குபவை. வீட்டுக்குள் வளர்க்க இவையே பொருத்தம். கிழக்கு ஜன்னலின் காலை ஒளி போதும். மரப்பட்டைத் துண்டு, அடுப்புக்கரி, பெர்லைட் கலவையில் சிறிய தொட்டியில் வைக்கிறேன். பட்டை மக்குவதற்குள் மாற்றிவிடுகிறேன். மழைநீரைப் பிடித்துவைத்துக் காலையில் மட்டும் ஊற்றுகிறேன். குருத்தில் நீர் தேங்க விடுவதில்லை. மின்விசிறிக் காற்று தொடாமல் தொட்டு ஓட வேண்டும். ஒரு பூ வாரக்கணக்கில் நிற்கிறது. காட்டுச் செடிக்குச் சற்றும் குறையாத அழகு. இது ஆரம்பத்திலேயே கிடைத்திருக்கக்கூடிய மகிழ்ச்சி. அரிதானது என் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை அங்கே போகவிடவில்லை.

கேரளத்தில் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவினர் ட்ரூரியை விதையிலிருந்து வளர்த்து அகத்தியமலையில் திரும்ப நட்டிருக்கிறார்கள். ஒருவர் கூடையில் கொண்டுபோவதை ஈடுகட்ட இன்னொருவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவன் நான்.

என்னிடம் அந்த எண்ணை வாங்கிச் சென்றவர்களில் நினைவுக்கு வந்தவர்களிடமெல்லாம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். விட்டுப்போனவர்கள் இதைப் படித்தால்: உங்களிடம் செடி இன்னும் உயிரோடு இருந்தால் மறைத்து வைக்காதீர்கள், இன்னொருவருக்குக் கொடுத்தும் விடாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள். நான் உடன் வருகிறேன். வாங்கச் சொன்னவன் நான்தான் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.