டாஃபர் சொல்லித் தரும் இங்கிலீஷ்

எங்கள் சேத்தூரிலோ ராஜபாளையத்திலோ மில் வேலைக்குப் போகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். டாஃபர், சைடர், பாபின், கோன், கவுண்ட், பேல் என்று இங்கிலீஷ் வார்த்தைகள் சரளமாக வந்து விழும். இவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அதிக வருஷம் இருந்தவர்கள் இல்லை. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. பிறகு சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ நூல் மில்கள் வந்தன. மெஷினோடு வார்த்தைகளும் வந்து சேர்ந்தன.

40-ம் கவுண்ட் என்றால் 840 கஜம் நீளமுள்ள சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. எண் கூடக் கூட நூல் மெல்லிசாகும். மில்லில் இருப்பவருக்கு இந்த வார்த்தை மறக்காது. ஏனென்றால் தினமும் அதை வைத்துத்தான் பிழைப்பு.

நாமோ டிக்‌ஷனரியில் தினம் இருபது வார்த்தை என்று மனப்பாடம் செய்கிறோம். பார்த்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் எவ்வளவு வேகமாக மறக்கும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன் மேலேயே சோதித்து எழுதிவிட்டார். வார்த்தைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது நம்மிடம் தங்கும் என்பது என் கருத்து.

நிரம்பிய பாபினைக் கழற்றுகிறவர் டாஃபர். 'டாஃப்' என்றால் கழற்றுவது. 'டூ', 'ஆஃப்' இரண்டும் ஒட்டிப் பிறந்தது. அதே மாதிரி 'டூ', 'ஆன்' ஒட்டியது 'டான்', அதாவது உடுத்துவது. தெரிந்த ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று இலவசம் :)

பி.காம். படிக்கும் நமக்கும் இது பொருந்தும். 'புரொவிஷன் ஸ்டோர்ஸ்' போர்டு இல்லாத கடைத்தெரு உண்டா? வாராக்கடனுக்கு நாம் போடுவதும் புரொவிஷன்தான். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: வரப்போவதை முன்னாடியே யோசித்து ஏற்பாடு செய்வது. பேங்க் பாஸ்புக்கில் பணம் போட்டால் 'கிரெடிட்' என்று வரும், நம் கணக்கில் அதையே பேங்குக்கு 'டெபிட்' என்று எழுதுவோம். பாஸ்புக் பேங்க் பார்வையில் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பயன்படும் முறை இதுதான். பேப்பரின் பிசினஸ் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. வரிக்கு வரி தடுக்கினால் அதை விட்டுவிட்டு எளிதான வேறொன்று. புது வார்த்தை மூன்று போதும். வார்த்தையை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பேப்பரைப் பார்க்காமல் அதே செய்தியை நம் வார்த்தையில் எழுதி, ஒப்பிட வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயதில் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகைக் கட்டுரைகளை வைத்து இப்படித்தான் எழுதிப் பழகியதாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கடைசியாக, அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் படியைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தமிழில் பேலன்ஸ் ஷீட்டை அக்குவேறு ஆணிவேறாக விளக்கும் நண்பன், இன்டர்வியூவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு விஷயம் தெரியும், வார்த்தையும் தெரியும். நாக்கு பழகவில்லை, அதனால் வேலை வேறொருவனுக்குப் போகிறது.

மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 வார்த்தைகள்தான். சாதாரணமாக நாம் வாசிப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். அதில் பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே தெரியும். ராஜபாளையம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் நண்பனிடம் நாளைக்கு மூன்றே மூன்று வாக்கியம் பேசுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நாலாவது நாள் அவனும் பேசுவான்.