நீர் மையும் எங்கள் பட்டறையும்

பனியன் துணிச் சட்டையின் மார்பில் அச்சிட்டிருக்கும் படத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் படம் துணியின்மேல் ஒட்டிய தகடுபோலத் தடித்து நிற்கும். வெயிலில் அணிந்தால் அதனடியில் வியர்வை கோத்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் படம் இருக்கும் இடமே கைக்குத் தெரியாது. முன்னது பிளாஸ்டிசால் என்னும் மை, பி.வி.சி. பொடியை எண்ணெய் போன்றதொரு மென்மையூட்டியில் குழைத்தது. பின்னது நீர் மை. நிறமியும், அதைத் துணியோடு பிணைக்கும் பைண்டரும், தண்ணீரும் சேர்ந்தது. திருப்பூரில் இதனைப் பிக்மென்ட் பிரிண்ட் என்பார்கள். வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை வைத்துப் பிழைக்கும் நாங்கள், முன்னதை விட்டுப் பின்னதற்கு மாறினோம். கைத்தொழில் ஒன்றைத் தொடங்க எண்ணும் இளைஞரும் பெண்டிரும் உங்கள் இல்லங்களிலும் இருப்பார்கள் அன்றோ? அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

எங்கள் பட்டறையில் மூவரே வேலை செய்கிறோம்: கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர், எங்களுடன் வாழும் அக்காள் ஒருவர். ஸ்கிரீன் கழுவும் பொறுப்பு அக்காளுடையது. பிளாஸ்டிசால் தண்ணீருக்கு அசையாது. தின்னர் ஊற்றித்தான் துடைக்கவேண்டும். மாலையானால் அக்காளுக்குத் தலைவலி. சில நாட்களில் குமட்டல். சன்னல்களைத் திறந்தோம், காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தோம். ஓரளவே குறைந்தது. அந்த வாடையை விட்டு விலகுவதே வழி என்றார் மருத்துவர். ஆனால் அந்தக் கை நின்றால் பட்டறையே நின்றுவிடும். பட்டறைக்கென வாங்கிய கடனுக்கோ மாதந்தோறும் தவணை உண்டு. ஆகவே, ஆளை மாற்றுவதைவிட மையை மாற்றுவோம் என்று மூவரும் கூடி முடிவு செய்தோம்.

நாங்கள் அச்சிடுபவை பெரும்பாலும் சிறுவர் சட்டைகள் என்பதும் ஒரு காரணம். பிளாஸ்டிசாலில் வழக்கமாகச் சேர்க்கப்பட்டு வந்த தாலேட் வகை மென்மையூட்டிகள் சிலவற்றைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் பயன்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் நிரந்தரக் கட்டுப்பாடு விதித்தது. தாலேட் கலவாத பிளாஸ்டிசாலும் இன்று கிடைக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தின்னரின் வாடை அதனால் போய்விடாதே!

பிளாஸ்டிசால் சூடு படும்வரை உலராது. உண்டு, உறங்கி எழுந்து வந்தாலும் ஸ்கிரீனில் இட்டது இட்டபடியே இருக்கும். நீர் மைக்கு அந்தப் பொறுமை கிடையாது. தொடங்கினால் தொடர்ந்து அச்சிட்டுக்கொண்டே போகவேண்டும். வாசலில் யாரோ அழைக்கிறார்களென்று ஐந்து நிமிடம் பேசப் போனால், வலைத்துணியின் நுண்ணிய கண்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த சட்டையில் எழுத்தின் கால் விழும், கொம்பு விழாது. ஒவ்வொரு சட்டைக்கும் பிறகு ஸ்கிரீனைச் சற்றே உயர்த்தி, ஸ்குவீஜி என்னும் ரப்பர்ப் பட்டையால் மையை மெல்லப் பரப்பிப் படம் முழுவதையும் மூடிவிடுவதே முதல் மருந்து. பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியால் பனிபோல நீர் தெளிப்பது இரண்டாவது. அளவு மிஞ்சினால் எழுத்து கசியும்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து வீசும் காற்று உடலுக்குச் சுகம். நீர் மைக்குப் பகை. மேற்குச் சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, விடியற்காலையிலேயே அச்சிட்டு முடிக்கிறோம். வீட்டில் காலை உணவின் நேரம் மாறிவிட்டது. பிள்ளைகள் சில நாள் முணுமுணுத்தார்கள்.

புதிதாகத் தொடங்குவோர் வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்திச் சட்டையில், ஒரே நிறத்தில், தடித்த எழுத்தாகத் தொடங்குவது நலம். ஓர் அங்குலத்துக்கு 110 முதல் 160 வரை இழையுள்ள வலைத்துணி போதும். ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் நீருக்குத் தாங்கும் வகையாக இருக்கவேண்டும். இல்லையேல் மையிலுள்ள நீரே அச்சைக் கரைத்துவிடும். கழுவி உலர்த்திய ஸ்கிரீனை மறுபடியும் வெயிலில் வைத்தால் எமல்ஷன் இன்னும் இறுகும். அதற்கு நம் நாட்டு வெயிலைவிட நல்ல விளக்கு கடையில் இல்லை.

கருநிறச் சட்டைக்கு இந்த மை எடுபடாது. நிறத்தைத் துணி விழுங்கிவிடும். அதற்குக் காதி பிரிண்ட் எனப்படும், மறைக்கும் வெள்ளை கலந்த நீர் மை உண்டு. சற்றுத் தடிப்பாகவே நிற்கும். துணியின் சாயத்தையே நீக்கி அச்சிடும் டிஸ்சார்ஜ் முறையும் நீர் சார்ந்ததுதான். ஆனால் சூடேற்றும்போது கிளம்பும் ஆவி நல்லதன்று. எங்கள் வீட்டுக்குள் அதை நாங்கள் அனுமதிக்கவில்லை.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மை பிடித்துவிட்டது என்று எண்ணலாகாது. தண்ணீர் முழுதும் ஆவியான பிறகே சூடு பைண்டரைப் பிணைக்கும். 150 டிகிரி செல்சியஸில் நான்கைந்து நிமிடம், 160 டிகிரியில் மூன்று நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மையுடன் வரும் குறிப்புத் தாளையே இறுதியாகக் கொள்ளவேண்டும். பெரிய ஆலைகளில் நீண்ட சூட்டுக் கூண்டினுள்ளே சட்டை ஊர்ந்து செல்லும். எங்களிடம் இருப்பது ஒரு ஹீட் பிரஸ். சில நொடி அழுத்தி, தூக்கி நீராவியைப் போகவிட்டு, மீண்டும் அழுத்துகிறோம். எனவே ஒரு நாளில் முடியும் சட்டைகள் குறைந்தன. முதல் மூன்று மாதங்களும் தவணைக்காக வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. பிறகு ஒரு பள்ளியின் வேலை வந்தது. அவர்களுக்கு வேறொரு பட்டறை சூடு போதாமல் அச்சிட்டுத் தந்த விளையாட்டுச் சட்டைகள் முதல் துவைப்பிலேயே வெளுத்துவிட்டனவாம். வளையல்களில் ஒன்றை மீட்டுவிட்டோம். அக்காள் மாலையில் படுத்துக்கொள்வதும் நின்றுவிட்டது.

நீரால் கழுவலாம் என்பதற்காகக் கழுவிய நீரைச் சாக்கடையில் விடலாம் என்று பொருளன்று. சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதையும், ஊரே வேலையின்றி நின்றதையும் கண்டவர்கள் நாங்கள். ஸ்கிரீனில் எஞ்சிய மையை வழித்து டப்பாவில் சேர்த்து, மிச்சத்தைக் கந்தையால் துடைத்த பின்னரே தண்ணீர் விடுகிறோம். அந்த நீரைப் பீப்பாயில் சேர்த்துப் படிகாரம் இட்டால் நிறம் அடியில் படியும். அந்த வண்டலையும் குப்பையில் கொட்டுவதில்லை. கழிவு எடுப்போரிடம் தனியே ஒப்படைக்கிறோம். இதற்கும் செலவு உண்டு. விலையில் அதைச் சேர்த்தே சொல்கிறோம்.

ஒவ்வொரு வேலையிலும் ஒரு சட்டையை எங்களுக்கென எடுத்து வைத்து, ஐந்து முறை சோப்பிட்டுத் துவைத்த பிறகே மற்றவற்றை அனுப்புகிறோம். துவைத்த சட்டைகள் தேதியுடன் பட்டறைக் கதவின் உட்புறத்தில் தொங்குகின்றன. விலை கேட்க வருவோரை அக்காள் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்கிறார்.