எடைக்குப் போட முடியாத சாமான்

பித்தளைக் குடம் ஓட்டை விழுந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. எவர்சில்வர் நசுங்கினாலும் தராசில் ஏறும். கண்ணாடி டம்ளர் அப்படியில்லை. விளிம்பில் ஒரு சில் பெயர்ந்தால் குப்பைதான். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிப் போனவர்கள் பாட்டிலை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், டம்ளரைத் தொடமாட்டார்கள். அப்படிப்பட்ட பொருளை, அதுவும் யாரோ குடித்துக் கழித்ததை, செஞ்சியில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடித் தேடி வாங்குகிறேன். "ஏம்பா, இத அடகு வெச்சா எவன் காசு குடுப்பான்?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான்.

நான் தேடுவது ஸ்வீடன், பின்லாந்துக் கண்ணாடி. உலைக்கு விறகு வேண்டும். அந்த நாடுகளில் காட்டுக்குப் பஞ்சமில்லை. ஸ்வீடனின் ஸ்மோலந்துக் காட்டுக்குள் 1742இல் கோஸ்டா பட்டறை தொடங்கியது. கொஸ்குல், ஸ்டால் என்ற இரண்டு தளபதிகளின் பெயர்த் தொடக்கங்களை ஒட்டி வைத்த பெயர் அது. நம்மூர் ஜவுளிக்கடைக்காரர் தன் பிள்ளைகள் பெயரை ஒட்டி போர்டு எழுதுவது மாதிரி. பின்லாந்தின் ஈட்டாலா 1881இல் வந்தது. அவர்களுக்காகத் தாபியோ விர்க்காலா 1968இல் வடிவமைத்த 'அல்டிமா தூலே' வரிசைதான் எனக்குப் பித்து. லாப்லாந்தில் பனிக்கட்டி உருகுவதைப் பார்த்து உண்டானதாம். வெளிப்புறம் முழுக்க வழிந்து நின்ற மேடுபள்ளம், அடியில் குட்டிக் கால்கள். மே மாதத்தில், பகலெல்லாம் வாங்கிய வெயிலை எங்கள் கோட்டையின் ராஜகிரிப் பாறை ராத்திரி பத்து மணிக்கும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த டம்ளரில் நன்னாரி சர்பத் குடிப்பது தனி வேடிக்கை. காபிக்கு மட்டும் டபராவை யாராலும் அசைக்க முடியாது.

வாங்குகிற வித்தை முழுக்கப் போட்டோவைப் படிப்பதில் இருக்கிறது. முன்னாலிருந்து பளீரென்று வெளிச்சம் அடித்து எடுத்த படம் என்றால் சந்தேகப்பட வேண்டும், கீறல் மறைந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே பிடித்து ஒரு வீடியோ கேட்பேன். பாத்திரம் கழுவும் மெஷினில் வருடக்கணக்காகப் போட்ட கண்ணாடியில் வெள்ளையாக ஒரு மங்கல் ஏறியிருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னால் நல்ல வியாபாரி தயங்கமாட்டார். அடிப்பாகத்தின் படம் கட்டாயம் வேண்டும். ஒர்ரெஃபோர்ஸ் போன்ற பட்டறைகள் தங்கள் பெயரையும் எண்ணையும் அங்கேதான் பொறித்திருக்கும்.

நாமும்தான் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோம். தாய்மாமன் பெயர், கல்யாணத் தேதி, சமயத்தில் வாங்கிய கடையின் பெயர்கூட இருக்கும். குடத்தைத் தட்டி உருவாக்கிய கன்னாரின் பெயரை நான் எந்தக் குடத்திலும் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் கூரியர் செலவும் சுங்கமும் டம்ளர் விலையைத் தாண்டிவிடும். அதனால் என் தேடல் அடிக்கடி காரைக்குடியில் போய் நிற்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் பேர்போனவை. நேரில் போகாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. அங்கே கண்ணாடியைவிட மங்குச் சாமான்தான் அதிகம். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியதுதானே மங்கு, ஆகவே பாதிக் கண்ணாடி என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பலவற்றின் அடியில் 'கோக்கம்ஸ், ஸ்வீடன்' என்று முத்திரை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் பெண்ணுக்குச் சீராக அடுக்கிக் கொடுத்தவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வரும்படி போயிற்று. பங்காளிகள் பெருகினார்கள், வீடுகளைப் பிரித்தார்கள், தேக்குத் தூண்களோடு மங்குத் தட்டுகளும் கடைக்கு வந்தன.

நான் வாங்கிய பச்சைத் தூக்கின் அடியில் ஸ்வீடன் முத்திரைக்குப் பக்கத்திலேயே, சிவப்புப் பெயின்டில், ஏதோ ஓர் ஆச்சி வீட்டு இனிஷியல். செய்தவர் பெயரும் உடையவர் பெயரும் உள்ளங்கையளவு இடத்தில். என் கண்ணாடிகளை ஏறிட்டும் பார்க்காத அத்தை இதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சீர் சாமானையா வித்துட்டாங்க?" என்றார். எச்சில் பாத்திரம் என்று சொல்லவில்லை.

ஒரு குடும்பத்தின் சரிவில் நாம் மலிவாகப் பொறுக்குகிறோமோ என்று எனக்கும் உறுத்துவதுண்டு. செஞ்சிக்காரனுக்கு உறுத்தத்தான் வேண்டும். எங்கள் கோட்டை வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். அவற்றில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது எந்த ஊர்க் கல் என்று தெரியவா போகிறது? அந்தத் தூண்களுக்கு யாரும் ரசீது போடவில்லை. நானாவது காசு கொடுத்தேன்.

இப்போது தூக்கின் மூடிக்குப் பேரம் நடக்கிறது. மூடி வேறொரு கடையில், வேறொரு பாத்திரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மூடியை மட்டும் தரமாட்டாராம். பாத்திரத்தோடு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.