ஆருன்னு சொல்லு பாக்கலாம்

மஞ்சள் வேகவைக்கிற ராத்திரியில தூங்கக் கூடாது. ஒரு டிரம் வெந்து இறங்குறதுக்குள்ள அடுத்ததுக்கு அள்ளி வெச்சிருக்கணும். கண் அசந்தா மஞ்சள் குழைஞ்சு போகும், அப்புறம் மார்க்கெட்டுல யாரும் மதிக்க மாட்டாங்க. பேச்சுத் துணை இல்லாம அந்த ராத்திரிய ஓட்டவே முடியாது.

எங்க களத்துல அதுக்குன்னு ஒரு விளையாட்டு உண்டு. எங்க அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, ஆரம்பிச்சு வெச்சது. பழைய நாடக, சினிமா நடிகர் ஒருத்தரை மனசுல நெனச்சுக்கிட்டுத் துப்புச் சொல்லுவாங்க. "ஆருன்னு சொல்லு பாக்கலாம்" என்பாங்க. ஒரே ஒரு சட்டம்தான், படத்துப் பேரைச் சொல்லக் கூடாது. "படத்துப் பேரைச் சொன்னா அப்பறம் கண்டுபுடிக்கறதுக்கு என்னடா இருக்குது? பொழப்பைச் சொல்லோணும். அவிங்க எங்கெங்க கஷ்டப்பட்டாங்கன்னு சொல்லோணும்." அத்தைக்கு இப்ப எண்பத்தஞ்சு வயசு. கண்ணு மங்கல், காது பாதி. நடிகருங்க கணக்கு மட்டும் ஒண்ணும் மறக்கல.

போன மாசியில நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதுக்கு முன்னாடி எங்க வீட்டு அக்கப்போரையும் சொல்லியாகணும்.

எங்க பெரியப்பா மகனுக்கும் எனக்கும் கூட்டுக் கிணறு. முறை வெச்சு மோட்டார் ஓட்டுவோம். நகரத்துல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரிச் சொன்னா, ஒரே குழாய்க்கு ரெண்டு குடித்தனம். மும்முனை கரண்ட்டு எப்ப வருதோ அப்ப யாரு முறைங்கறதுல ஆரம்பிச்ச பேச்சு, வரப்பு, பாதை, தென்னைமரம்னு வளர்ந்து கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. மூணு வருஷமா அண்ணனும் நானும் பேசறதில்ல. கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஆளுக்கொரு நேரத்துல போயிட்டு வருவோம். ஆனா களம் ஒண்ணு. பாய்லர்காரரு ரெண்டு தடவை வர மாட்டேன்னுட்டாரு. "ஒட்டுக்கா வேகவெச்சாத்தானுங்க எனக்குக் கட்டுபடியாகும்." அதனால ஒரே களத்துல, அவரு குவியல் அந்தப் பக்கம், என்ற குவியல் இந்தப் பக்கம். நடுவுல கயித்துக் கட்டில் போட்டு அத்தை.

பத்து மணி வரைக்கும் ஒரு சத்தமில்ல. பாய்லர் மட்டும் உஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் அத்தை ஆரம்பிச்சாங்க.

"கோயமுத்தூரு மில்லுல வேலைக்குப் போனவரு. தண்டால் பஸ்கி எடுத்து ஒடம்பைத் தேத்தி, சினிமாவுல எம்ஜியாரோட சண்டை போட்டவரு. பொறவு அந்த எம்ஜியாருக்கே சம்பளம் குடுத்தவரு. ஆரு?"

பாய்லர்காரரோட பையன் டக்குனு போனை எடுத்தான். தட்டித் தட்டிப் பாத்துட்டுச் சொன்னான்: "தேவருன்னு போட்டாத்தான் தேவரு வருவாரு போல இருக்குதுங்க பாட்டி. மில்லுன்னு போட்டா மில்லுதான் வருது." அவனை அறியாமயே விடையச் சொல்லிட்டான்!

சாண்டோ சின்னப்பா தேவர்தான். ராமநாதபுரத்துக்காரர், நம்ம கோவை ராமநாதபுரம். 1947-ல சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவுல எடுத்த 'ராஜகுமாரி'தான் எம்ஜியார் முதல்ல கதாநாயகனா நடிச்ச படம். அதுல அவரோட மோதினவர் தேவர். 1956-ல சொந்தமா தேவர் பிலிம்ஸ் தொடங்கி எம்ஜியாரை வெச்சே 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தார். யானையோட இந்திக்குப் போய் ராஜேஷ் கன்னாவையும் நடிக்க வெச்சார். மருதமலைக்கு அவர் செஞ்ச திருப்பணி தனிக்கதை.

அடுத்தது: "ரயில்வேயில கிளார்க்கு. மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. நாடகத்துல வயித்துவலிக்காரனா சித்தெ நேரம் வந்து துடிச்சதுக்கே பரிசு. குடுத்தது எம்ஜியாரு."

"தாராவரத்து நாகேஷு" என்றார் அண்ணன். என்னைப் பாத்து இல்ல, பனைமரத்தைப் பாத்து. எனக்கும் தெரியும்தான். முந்திக்கிட்டாரேன்னு ஆத்திரமா வந்துச்சு. இதுக்கெல்லாமா ஆத்திரம்னு கேக்காதீங்க. பங்காளிச் சண்டையில இருக்கிறவனுக்கு எல்லாமே தோல்விதான்.

மூணாவதுதான் வினையாச்சு. "ஔவையாரா வேசங்கட்டி, அந்தப் பேராவே ஆயிட்டவிங்க ஆரு?"

"கொடுமுடி சுந்தராம்பா" என்றேன் நான். "டி.கே.சண்முகம்" என்றார் அண்ணன். ரெண்டும் ஒரே நேரத்துல.

"ஔவையாருன்னா கேபிஎஸ் தானுங்களே? ஜெமினி வாசன் எடுத்தாரே, 1953-ல."

"அது சினிமா. அதுக்கு முன்னாலயே மேடையில ஔவையாரா நின்னவரு சண்முகம். அவரு பேருக்கு முன்னால ஔவைன்னு எதுக்குடா ஒட்டுச்சு?"

'டா'ன்னு கேட்டதும் எனக்குத் திக்குனு ஆச்சு. மூணு வருஷத்துல அவரு என்னைப் பாத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான் விடல. ஆம்பளை பொம்பளை வேசம் கட்டறது அந்தக் காலத்துல அதிசயமாங்க என்றேன். சங்கரதாஸ் சுவாமிகள் பாய்ஸ் கம்பெனியில சின்னப் பையனாச் சேந்து வளந்த மனுசனை வேசங்கட்டினவன்னு சொல்லாதே என்றார். ஈரோட்டுல 1944-ல நாடகக் கலைக்குன்னு மாநாடே நடத்தினவருடா என்றார். கமலஹாசன் சின்ன வயசுல அவரு கம்பெனியில இருந்ததுனாலதானே பின்னால படத்துக்கு 'அவ்வை சண்முகி'ன்னு பேரு வெச்சாரு என்றார். அண்ணனுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பேச்சு முத்தி, டிரம் வெந்ததைக்கூடக் கவனிக்கல. பாய்லர்காரரு கத்தினதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே டிரம்மைத் திறக்க ஓடினோம். அது யாரு மஞ்சள்னு யாரும் பாக்கல.

திரும்பி வந்தா அத்தை தீர்ப்பு தயாரா வெச்சிருந்தாங்க. "ரெண்டும் செரிதான். அவரு ஆம்பளை, பொம்பளையா நின்னாரு. இவ பொம்பளை, நந்தனாரா நின்னா."

அதுக்கப்புறம் துப்பு இல்ல, கதைதான். ரயில்ல பாடிக் காசு வாங்கின கொடுமுடிப் புள்ள. நாடகத்துக்குப் போச்சு. இலங்கை வரைக்கும் போச்சு. அங்க கிட்டப்பாவைக் கண்டுச்சு. அவரும் 1933-ல, முப்பதுகூட ஆகறதுக்குள்ள போய்ச் சேந்தாரு. அந்தம்மாவுக்கு அப்ப இருபத்தஞ்சு. அன்னையிலருந்து வெள்ளைச் சீலை. மறுபடி நடிக்கக் கூப்பிட்டப்ப, ஆம்பளைக்கு ஜோடியா வர மாட்டேன்னு ஆம்பளை வேசமே கட்டுனா. 1935-ல 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம். "அன்னைக்கு ஒரு லச்சம்னா ஒரு ஊரையே வாங்கலாம்டா. அப்பறம் கொடுமுடியிலயே தன்ற பேருல தேட்டரு கட்டுனா." பன்னெண்டு பதிமூணு வயசுல டெண்ட்டுக் கொட்டாயிக்கு மாட்டு வண்டி கட்டிப் போய் ஔவையாரைப் பாத்ததைச் சொல்றப்ப அத்தை குரல் கொஞ்சம் எறங்கிருச்சு.

நானும் அண்ணனும் எதுவும் பேசல. எங்க மாமா சீக்கு வந்து போனப்ப அத்தைக்கு இருபத்தாறு. அவங்க கட்டியிருந்ததும் வெள்ளைச் சீலைதான். இத்தனை வருஷத்துல எந்த ராத்திரி விளையாடினாலும் ஒரு துப்பாவது ஏன் கேபிஎஸ்ல போய் முடியுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

விடியக் காத்தால அண்ணன் ஒண்ணு சொன்னாரு, இப்பவும் அது களத்துல இருந்த பாய்லர்காரரைப் பாத்துத்தான். "திருவிளையாடல்ல தாராவரத்துக்காரன் தருமியா வாரான், கொடுமுடிக்காரி ஔவையா வாரா. மதுரைக் கதையில பாதி நம்ம சில்லாக்காரங்கதான் போல இருக்குது." கோயமுத்தூரு ஜில்லா ஒண்ணா இருந்த காலத்துக் கணக்கு அது. நான் சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சாரு. பொறவு அவரு மஞ்சளை அவரு காய வெச்சாரு, என்ற மஞ்சளை நான் காய வெச்சேன்.

வழக்கு தீர்ந்துதான்னு கேப்பீங்க. இல்ல. ரெண்டு பேருமே விட்டுக் குடுக்கல. போன வாரம்கூட வாய்தா இருந்துச்சு. ஈரோடு பஸ்ஸுல அவரு எனக்கு முன் சீட்டுல உக்காந்திருந்தாரு, கக்கத்துல கேஸுக் கட்டு. என்ற மடியில என்ற கட்டு. மொடக்குறிச்சிப் பிரிவுகிட்ட வர்றப்ப, திரும்பாமலே சொன்னாரு:

"ரெண்டு பேரு. ஒருத்தரு பாட்டுக்காரரு, ஒருத்தரு சிரிப்புக்காரரு. ஒரே கேசு, ஒரே ஜெயிலு. 1947-ல ஒண்ணா வெளிய வந்தாங்க. சிரிப்புக்காரரு மறுபடியும் சிரிக்க வெச்சாரு. பாட்டுக்காரருக்கு அப்பறம் படம் ஓடல. ஆருன்னு சொல்லு பாக்கலாம்."

எனக்கு விடை தெரியும். உடனே சொல்லியிருக்கலாம். சோலார் தாண்டுற வரைக்கும் யோசிக்கிற மாதிரியே உக்காந்திருந்தேன்.